மடைக்கல்லில் கிடந்த வேட்டி

என் நண்பன் இறந்த பதினாறாம் நாள் அடியந்திரத்தன்று, பந்தி முடிந்து கைகழுவி வந்தவர்கள் எல்லோரும் பார்க்க, அவன் மகள் என் காலில் விழுந்தாள். "அப்பாவை ஒரு தடவை எமன்கிட்ட இருந்து இழுத்துட்டு வந்தது இந்த மாமாதான். அதுக்கு அப்புறம் எங்களுக்குக் கிடைச்ச நாளெல்லாம் மாமா தந்தது" என்று அழுதுகொண்டே சொன்னாள். பந்தலில் இருந்த ஆண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் அவள் தலையில் கைவைத்து, "எந்திரி மக்கா" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

அவள் சொன்னது நடக்கவே இல்லை. அவள் அப்பன் தண்ணீரில் மூழ்கவில்லை, நான் அவனை இழுக்கவும் இல்லை. அப்படி ஒரு கதையை அவளிடம் சொன்னவன் நான். அவள் அதை நம்பினாள். கடைசியில் அவனும் நம்பினான். அதைத்தான் இங்கே எழுத வேண்டும்.

அவன் எப்படிப்பட்டவன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் எங்களை வட்டக்கோட்டைக்குக் கூட்டிப்போனபோது ஆசிரியர் ஒருவரின் குடை காற்றில் பறந்து கோட்டைச் சுவருக்கு வெளியே, கடல் அடிக்கிற பாறையில் போய் விழுந்தது. போனது போகட்டும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இவன் சட்டையைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, கல் இடுக்குகளில் கால்விரலை ஊன்றி இறங்கிக்கொண்டிருந்தான். குடையோடு மேலே வந்ததும் ஆசிரியர் அந்தக் குடையாலேயே அவனை அடித்தார். அவன் சிரித்தான். நான் சட்டையோடு நின்றேன். பிறகு வாழ்நாள் முழுக்க அப்படித்தான். அவன் இறங்குவான், நான் துணியோடு நிற்பேன்.

நான் படித்து நாகர்கோவிலில் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கப் போனேன். அவன் லாரி ஓட்டினான், பிறகு மஸ்கட் போய்ப் பாலைவனத்தில் தண்ணீர் டேங்கர் ஓட்டினான். முதல் விடுமுறைக்கு வருகிறவர்கள் டேப்ரிக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவருகிற காலம் அது. அவன் காற்றடித்து உப்பவைக்கிற ஒரு ரப்பர் படகைக் கொண்டுவந்தான். அவன் மனைவி அதை முற்றத்தில் விரித்துப் பார்த்துவிட்டு, "இதை அவிச்சுத் திங்கதா, பொரிச்சுத் திங்கதா?" என்று கேட்டாள். அன்று சாயங்காலமே படகு குளத்தில் மிதந்தது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஏறினார்கள். தாமரைத் தண்டின் முள்ளா, வேறு எதுவா தெரியவில்லை, நடுக்குளத்தில் காற்று இறங்கி எல்லோரும் தண்ணீரில் விழுந்தார்கள். அவன் ஒவ்வொரு பிள்ளையாக இழுத்துக் கரையில் போட்டான். கரையில் ஏறிய பிள்ளைகள் "இன்னொருக்கா மாமா" என்று கத்தின. அவன் மகளும் அதில் ஒருத்தி. அடுத்த வாரமே இரண்டு தேங்காய் நெற்றைச் சேர்த்து அவள் முதுகில் கட்டி, நீந்தப் பழக்கிவிட்டான்.

யார் வீட்டுக் கிணற்றில் வாளி விழுந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். எடுத்துக்கொடுத்துவிட்டு, கூலியாக அந்த வீட்டு அடுக்களையில் என்ன கொதிக்கிறது என்று மூடியைத் தூக்கிப் பார்ப்பான். மனைவி இறந்த பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. ஒருமுறை, நாங்கள் இருவரும் ஓய்வெடுக்க வேண்டிய வயதில், என்னைக் கீரிப்பாறைக்கு இழுத்துப்போனான். ரப்பர் எஸ்டேட்டுக்குள் நடந்து, ஆற்றைக் கடந்து, அட்டை கடித்து, திரும்புகிற பஸ்ஸை விட்டுவிட்டோம். பால் எடுக்கிற பெண்களிடம் என்ன பேசினானோ, ரப்பர் பால் கேன்கள் ஏற்றிய லாரியின் பின்னால் எங்களுக்கு இடம் கிடைத்தது. வளைவு ஒன்றில் கேன் சரிந்து பால் அவன் தலையில் கொட்டி, வீடு சேர்வதற்குள் இறுகிப்போனது. முடிவெட்டுகிறவர் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது வெட்டுகது இல்ல, செதுக்குகது" என்றார். மொட்டைத் தலையோடு என் வீட்டுக்கு வந்து, "புரொபசரே, ஒனக்கு ஒரு முடிகூட போகலியே, நீ என்னத்துக்குலே வந்தே?" என்று கேட்டான்.

அவன் என்னைப் புரொபசரே என்றுதான் கூப்பிடுவான். நான் அவனோடு சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி உள்ளே தங்கிவிட்டது. பொறாமை என்ற சொல்லை அப்போது நான் பயன்படுத்தவில்லை. அவன் உடம்பைப் பற்றிய அக்கறை என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அக்கறைக்குக் காரணமும் இருந்தது. அவனுக்கு நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். பெங்களூரில் வேலை பார்க்கிற மகள் வந்து, இருந்து, பார்த்துவிட்டுக் கிளம்பும்போது என்னிடம் தனியாகச் சொன்னாள். "மாமா, அப்பாவைத் தண்ணியில மட்டும் விட்ராதீங்க. உங்க பேச்சைத்தான் கேப்பாங்க." நான் வாக்குக் கொடுத்தேன். அவன் என் பேச்சை ஒருநாளும் கேட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் ஊர்க் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. மடைக்கு மேலே தட்டையாக ஒரு கல் கிடக்கிறது. நீந்தப் போகிறவன் வேட்டியை அந்தக் கல்லில் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். கல்லில் துணி கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வயலுக்குத் தண்ணீர் விட வருகிறவன் துணியைப் பார்த்தால் மடையில் கைவைக்க மாட்டான். திறந்தால் தண்ணீர் வெளியேறுகிற தூம்பு ஆளை உள்ளே இழுத்துவிடும். கரையேறியவனுக்கு முதல் வேலை துணியை எடுப்பது. எடுக்காமல் போனால் வயல்காரன் காத்துக் கிடப்பான், ஊரே ஏசும். சின்ன வயதிலிருந்து அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் அவன் துணிக்குக் காவல் இருந்தவன் நான். நான் நீந்தப் பழகவே இல்லை.

கும்பப்பூ நெல் கதிர் முற்றிக்கொண்டிருந்த மாசி மாதம் அது. மத்தியான வெயிலில் குளத்தங்கரைக்குப் போனேன். அவன் எனக்குத் தெரியாமல் நீந்தப் போகிறான் என்று சந்தேகம். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றுதான் போனேன். கல்லில் அவன் வேட்டி கிடந்தது. தண்ணீரில் தலை இல்லை.

கூப்பிட்டுப் பார்த்தேன். தாமரை இலைகள் அசைந்தன, காற்றுதான். இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். வேட்டியைத் தொட்டுப் பார்த்தேன், வெயிலில் சுட்டது. போட்டு வெகுநேரம் ஆகியிருக்கிறது. ஊருக்குள் ஓடி ஆள் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டேன்.

"மக்கா, அப்பா குளத்துல எறங்கியிருக்கான். ஆளைக் காணல."

அந்தப் பக்கம் அவள் அலறியது கேட்டது. பிறகு லைன் போய்விட்டது.

அப்போதுதான் அவனைப் பார்த்தேன். எதிர்க்கரையில், பனைகளுக்குக் கீழே, கோவணத்தோடு, தலையில் துவர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றான். பக்கத்தில் பனையேறி ஒருவர் பதநீர்க் கலயத்தைச் சாய்க்க, இவன் ஓலைப்பட்டையை நீட்டி வாங்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பட்டையை உயர்த்திக் காட்டினான். அவன் குரல் தண்ணீர்மேல் வந்தது.

"ஏலே புரொபசரே! அக்கானி குடிக்கியா?"

குளத்தை நெடுக நீந்தி அக்கரை ஏறியிருக்கிறான். துணியை இங்கே விட்டுவிட்டான். அவ்வளவுதான் நடந்தது.

என் கையில் போன் அடித்தது. மகள்.

அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும் என்பது ஒரு குழந்தைக்கும் தெரியும். "பயப்படாத மக்கா, உங்கப்பன் அக்கரையில அக்கானி குடிச்சிட்டு நிக்கான், நான் ஒரு மடையன்" என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் அழுது, பிறகு சிரித்து, என்னையும் அவனையும் சேர்த்து ஏசியிருப்பாள். ஆனால் போனை எடுத்ததும் அவள் அழுத அழுகையைக் கேட்டு எனக்கு வாய் அடைத்துவிட்டது. ஒரு பெண்ணின் உயிரை ஒன்றுமில்லாத காரியத்துக்குப் பாதியாக்கிவிட்டேனே என்ற வெட்கம். வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் செய்த தவறுகளைத் திருத்தி மார்க் போட்டவன் நான். அக்கரையில் நின்று சிரிக்கிறவன்மேல் ஆத்திரமும் இருந்தது. இவன் எப்போதும் சிரிப்பான், நான் எப்போதும் துணியோடு நிற்பேன்.

"கிடைச்சுட்டான் மக்கா" என்றேன். "படித்துறை ஓரமா நினைவில்லாம கெடந்தான். நான் இழுத்துப் போட்டு நெஞ்சை அமுக்கினேன். இப்ப மூச்சு வந்துட்டு."

அவள் தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள். என்னையும் தெய்வம் என்றாள். அதற்குப் பிறகு நான் சொன்னது முதலில் சொன்னதைவிடக் கேடானது. "அவன்கிட்ட இதைப் பத்திக் கேக்காத. அவனுக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. கேட்டா மானக்கேடா நினைப்பான்."

பொய் வெளியே வராமல் இருக்கத்தான் அப்படிச் சொன்னேன். எங்கே அடிக்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவன் கரையைச் சுற்றி நடந்து வந்தான். கையில் பட்டை நிறைய அக்கானி, எனக்காகச் சிந்தாமல் கொண்டுவந்திருந்தான். "என்னலே, பேயைக் கண்டவன் மாதிரி நிக்கே?" என்றான். துணியை விட்டுப் போனதற்கு அவனை ஏசினேன். அதற்கு மட்டும் அவன் தலையைக் குனிந்தான். "தப்புதான் மக்கா. மடைக்கு ஆளு வந்திருந்தா கஷ்டப்பட்டிருப்பான். தப்புதான்." பிறகு பட்டையை என் வாயருகே நீட்டினான். நான் குடித்தேன்.

மறுநாள் மகள் திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, காரில் வந்தாள். நான் சொன்னபடியே அவனிடம் எதுவும் கேட்கவில்லை. டாக்டரைப் பார்க்க வேண்டும், கொஞ்ச நாள் எங்களோடு இருங்கள் என்று மட்டும் சொன்னாள். அவன் என்னைத் தனியாக இழுத்துப்போய், "இவகிட்ட எவன்லே என்ன சொன்னான்? மூஞ்சியே செரியில்லியே" என்று கேட்டான். "எனக்கு எப்படித் தெரியும்" என்றேன். காரில் ஏறும்போது சொன்னான். "நான் வாறது வரைக்கும் குளத்தை யாருக்கும் எழுதிக் குடுத்திராத."

அவன் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு முறை வர நினைத்தபோதும் அவள் அழுதாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எப்படித் தனியாக விடுவது என்று என்னிடம் போனில் கேட்பாள். நானும் ஆமாம் என்பேன். வேறு என்ன சொல்வது? அவனும் போன் செய்வான். ஆரம்பத்தில் சிரிப்பாகத்தான் இருந்தது. "வீடு ஆகாசத்துல இருக்குலே. கீழ பாத்தா மனுசன்லாம் எறும்பு. ஒரு குளம் வெட்டி வச்சிருக்கானுவ, நீ காலேஜ் லேப்ல மயில்துத்தம் கரைச்சு வச்சிருப்பியே, அந்தக் கலர்ல தண்ணி. அதுல காலை நனைக்கதுக்குக்கூட இவ சம்மதிக்க மாட்டேங்கா." இன்னொரு நாள், "வந்து கூட்டிட்டுப் போயேன்லே. நீ சொன்னா விடுவா" என்றான். பார்ப்போம் என்றேன். எனக்கு முட்டுவலி என்றேன்.

பிறகு ஒரு மத்தியானம் கூப்பிட்டான். குரலில் சிரிப்பு இல்லை. காலையில் மகளோடு சண்டை. ஊருக்குப் போயே தீருவேன் என்று பையை எடுத்திருக்கிறான். அவள் பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"மக்கா, ஒண்ணு கேக்கேன். நெசத்தைச் சொல்லு. அன்னைக்கு நான் அக்கரைக்கு நீந்திப் போய் அக்கானி குடிச்சேன். ஒனக்கும் கொண்டுவந்து தந்தேன். அப்படித்தானே?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இவ சொல்லுகா, நான் நினைவில்லாம கெடந்தேனாம். நீதான் இழுத்துப் போட்டியாம். எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகமே இல்லியே. அந்த அக்கானி ருசிகூட இப்பவும் நாக்குல இருக்கு. அது வேற நாளா?"

இவ்வளவு நாள் கழித்தும், அந்தக் கேள்வி கேட்ட குரலை அப்படியே கேட்கிறேன். அவன் என்னைச் சந்தேகப்படவில்லை. தன்னைத்தான் சந்தேகப்பட்டான். நான் பொய் சொல்லியிருப்பேன் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஒரே வார்த்தையில் அவனை அவனிடம் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

"அது வேற நாளா இருக்கும்" என்றேன். "அந்த மாதிரி நேரத்துல ஞாபகம் கொழம்பும்."



"செரி" என்றான். "நீ சொன்னா செரியாத்தான் இருக்கும். படிச்சவன் நீ."

அதற்குப் பிறகு அவன் ஊருக்கு வர வேண்டும் என்று சொல்லவே இல்லை. போன் செய்வதும் குறைந்தது. நானாகக் கூப்பிட்டால், "ம், இருக்கேன்" என்பான். அந்த ஆண்டு மழைக்காலம் முடிவதற்குள், காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டான்.

ஊரில் நடந்த அந்த அடியந்திரத்தன்று கூட்டம் கலைந்த பிறகு மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கடைசியில அப்பா ரொம்ப மாறிட்டாங்க மாமா" என்றாள். "லிஃப்ட்ல தனியாப் போக மாட்டாங்க. பாத்ரூம் கதவைப் பூட்டாமத்தான் குளிப்பாங்க. பக்கெட்ல தண்ணி ரொம்பினா என்னைக் கூப்பிடுவாங்க. கேட்டா, எனக்கு எப்ப நினைவு போகும்னு எனக்கே தெரியாதுல்லா மக்கா, அப்படிம்பாங்க. ஆனாலும் இருந்தாங்களே. அதுவே போதும்."

வட்டக்கோட்டைச் சுவரில் இறங்கியவன். ஊர்க் கிணறுகளுக்குள் எல்லாம் மூச்சடக்கிப் போனவன். ஒரு பக்கெட் தண்ணீருக்குப் பயந்து செத்தான். அந்தப் பயம் அவன் உடம்பிலிருந்து வந்ததல்ல, என் வாயிலிருந்து வந்தது. அன்றைக்கும் நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

அதன்பின் பல மாதங்கள் அவளிடம் சொல்வது போலத் தனியாகப் பேசிப் பார்த்தேன். குளிக்கும்போது, நடக்கும்போது. எப்படிச் சொன்னாலும் நடுவில் எனக்குச் சாதகமாக ஒரு சொல் வந்து விழும். அக்கறை, பதற்றம், வயது. அந்தச் சொற்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றுதான். பார்த்தேன், பார்க்காதவன் போலச் சொன்னேன்.

ஆண்டுத் திவசத்துக்கு அவள் கணவனோடு வந்தாள். பூசையெல்லாம் முடிந்த பிறகு, "மாமா, அந்த இடத்தை எனக்குக் காட்டுங்க. அப்பாவை எங்க இழுத்துப் போட்டீங்கன்னு பாக்கணும்" என்றாள். இருவரும் குளத்தங்கரைக்கு நடந்தோம். குளம் நிறைந்து கிடந்தது. மடைக்கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் என்னால் அதற்கு மேல் நடக்க முடியவில்லை. நின்றபடியே சொன்னேன். வேட்டி, அக்கானி, இரண்டு போன் அழைப்பு, எல்லாம்.

முடிந்ததும் கேட்டாள்.

"நான் திருப்பி போன் பண்ணும்போது அப்பா உங்க கண்ணு முன்னால நின்னாங்களா?"

"நின்னான்."

"நான் அப்பாகிட்ட சொன்னதுக்கு அப்புறம், அப்பா உங்ககிட்ட கேட்டாங்களா?"

"கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னேன்.

அவள் முகத்தில் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் குளத்தைப் பார்த்தாள். "எந்த இடத்துல கரையேறினாங்க?" என்று கேட்டாள். அக்கரைப் பனைகளைக் கைகாட்டினேன்.

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். தோளில் கிடந்த ஷாலை எடுத்து மடைக்கல்லில் போட்டாள். என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குப் புரிவதற்குள் படிகளில் இறங்கிவிட்டாள். "மக்கா, வேண்டாம், ஆழம்" என்றேன். திரும்பவில்லை. செருப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, உடுத்தியிருந்த துணியோடு தண்ணீரில் பாய்ந்தாள். முதுகில் தேங்காய் நெற்று கட்டிப் பழகிய பிள்ளை. அவனைப் போலவே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நீந்தினாள்.

நடுக்குளம் தாண்டியதும் தாமரைக் கூட்டத்துக்குள் அவள் தலை மறைந்தது. போன் என் சட்டைப்பையில் இருந்தது. அவள் கணவனைக் கூப்பிட விரல் துடித்தது. கூப்பிடவில்லை. கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெயில் சுட்டது. அவள் வேண்டுமென்றேதான் அங்கே நிற்கிறாளோ, நிஜமாகவே கொடி காலைப் பிடித்துவிட்டதோ, எனக்கு அறிய வழி இல்லை. நீந்தத் தெரியாத கிழவன் கரையில் உட்கார்ந்து ஒரு துணிக்குக் காவல் இருந்தேன்.

பிறகு பனைகளுக்குக் கீழே அவள் கரையேறினாள். பார்த்தேன். அப்பன் நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். கூந்தலைப் பிழிந்தாள். நான் கையை உயர்த்தினேன். அவள் பதிலுக்கு உயர்த்தவில்லை. கரையைச் சுற்றி வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. பனங்காட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள ரோட்டைப் பார்த்து நடந்து போனாள். சாயங்காலம் அவர்கள் கார் பெங்களூருக்குக் கிளம்பிவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

அன்று அவள் ரோட்டுக்கு நடந்து போன பிறகும் நான் கல்லடியிலேயே இருந்தேன். தண்ணீர் விட வந்த வயல்காரன் ஷாலைப் பார்த்துவிட்டு, "சாரே, உள்ள ஆளு கெடக்கா?" என்று கேட்டான். துணியை எடுத்துக்கொண்டேன். அவன் மடையைத் திறந்தான்.

ஷால் என் வீட்டில்தான் இருக்கிறது. துவைத்து, மடித்து, அலமாரியில் வைத்திருக்கிறேன். அவள் கேட்கவில்லை. தினமும் போனில் அவள் எண்ணை எடுத்துப் பார்க்கிறேன். ஒருநாள் அழுத்தியும் விட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. தானாக நிற்கிறவரை மணியடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.